ஊரில் என்ன விசேஷம்? சென்னையில் இருக்கும் எட்டயபுரத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடையில் எனக்கு வேலை. 1991-ல் ஊரைவிட்டு வந்தேன். வந்த புதிதில் ஊர்க்காரர்கள் யார் யார் எந்தப் பேட்டையில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு என்னிடம் இருப்பது நாளடைவில் எல்லோருக்கும் தெரிந்துபோனதால் ஊர் சம்பந்தமான எந்தக் கேள்வியானாலும் என் கைப்பேசிக்குத்தான் வருகிறது. புதிதாகச் சென்னைக்கு வரும் பிள்ளைகளும் முப்பது வருடமாக இங்கே இருப்பவர்களும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். பதில்களை எழுதிவைத்தால் தொண்டையாவது மிச்சமாகும்.

இது சங்கமா? சந்தா எவ்வளவு?

சங்கம் இல்லை. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று ஒருமுறை பேச்சு எழுந்து, வடபழனியில் ஓர் ஓட்டல் மாடியில் கூடினோம். தலைவர் பதவிக்கு மூன்று பேர் தயாராக இருந்தார்கள், பொருளாளர் பதவிக்கு ஐந்து பேர். புரட்டாசி மாதம் அது. ஊரில் மழை பெய்ததா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பேரூராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டும்தானா?

எல்லையை யார் அளந்து பார்த்தார்கள்? சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்துபோன சுற்றுக் கிராமத்தார் எல்லோரும் நம்மவர்கள்தான். விளாத்திகுளத்துக்காரர் கேட்டாலும் கோவில்பட்டிக்காரர் கேட்டாலும் எழுதிக்கொள்கிறேன். 1986-ல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்றைக்கும் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் சொல்கிறார்கள். சென்னைக்காரர்களோ நம் எல்லோரையும் ‘மதுரைப் பக்கம்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நோட்டில் அப்படி என்ன எழுதியிருக்கிறீர்கள்?

நானே தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கட்டிய நோட்டு. இப்போது இருப்பது மூன்றாவது. ஒரு பக்கத்துக்கு நான்கு கட்டம். முதல் கட்டத்தில் ஊரில் அந்த வீட்டுக்கு வழங்கும் பெயர்: மச்சு வீடு, கிணற்றடி வீடு, தறிக்கார வீடு என்பதுபோல. சொந்தப் பெயரை எழுதினால் ஒரே பெயரில் ஆறு பேர் இருப்பார்கள். இரண்டாவதில் சென்னையில் இருக்கும் இடம். மூன்றாவதில் அவருடைய எண்.

நான்காவது கட்டம்தான் முக்கியமானது. ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை அதில் எழுதுவேன். சொந்தக்காரர் எண் வேண்டாம். அப்பா எண், அண்ணன் எண் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும். அப்பா போனை எடுக்காத அன்றைக்கு அண்ணனும் எடுக்க மாட்டார், ஏனென்றால் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கேட்டால்தான் என்ன நடந்தது என்று தெரியும். என்னிடம் பெயர் எழுதவரும் பையன்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்துக்கு வந்ததும் விழிக்கிறார்கள். பத்தொன்பது வருடம் அந்தச் சுவரோரம் வளர்ந்திருப்பார்கள். மதினி என்று கூப்பிடுவார்கள், எண் தெரியாது. ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வா, அப்புறம் எழுதுகிறேன் என்று அனுப்பிவிடுவேன்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது நோட்டு எதற்கு?

குழு இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். காலையில் திறந்தால் ரோஜாப்பூவும் சூரியனும் முப்பது இருக்கும். போன வருடம் ஊரில் ஒரு பெரியம்மா தவறிய செய்தி அந்தப் பூக்களுக்கு நடுவில் கிடந்தது. மூன்று பேர் பார்க்காமலே அதன் கீழே வணக்கம் வைத்திருந்தார்கள். குழுவைக் குறை சொல்லவில்லை. திருவிழாப் படம் பார்க்கவும், தொலைந்த சான்றிதழைக் கண்டெடுத்தவர் அறிவிக்கவும் அது நல்லது. மற்றதற்குப் போன் செய்யுங்கள்.

ஊர்ச் செய்தி என்றால் எதைச் சொல்வது? ஒன்றுமே நடக்கவில்லையே?

கல்யாணம், சாவு, சடங்கு மட்டும்தான் செய்தி என்று நினைப்பவர்களுக்கு ஊர் வருடத்துக்கு நான்கு முறைதான் இருக்கும். ஒன்றும் நடக்காத நாளில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறரை, ஏழு மணிக்கு நான் கீழ வீட்டு மாமாவுக்குப் போன் செய்வேன். ஆட்டுத் தரகு பார்ப்பவர். அந்த நேரத்தில் சந்தைக்குள் நிற்பார். ஆட்டுச் சத்தத்தில் அவர் பேச்சு பாதிதான் கேட்கும். கையில் கிடாயின் காதைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார் என்பது அவர் இழுத்து இழுத்துப் பேசுவதிலிருந்தே தெரியும். சந்தை சுமார், சந்தை சூடு, சந்தை கிடக்கிறது என்று மூன்றே வகைதான் சொல்வார். தீபாவளி, பக்ரீத் நெருங்கும் வாரங்களில் வெளி மாவட்ட வியாபாரிகள் வண்டியோடு வந்து நிற்பார்கள். அப்போது போனை எடுக்கவே மாட்டார். எடுக்காவிட்டால் சந்தை சூடு என்று நானே எழுதிக்கொள்வேன்.

அடுத்து மழை. சென்னையில் மழையை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். மாமா உழவில் சொல்வார். ‘ஒரு உழவு மழை’ என்றால் கரிசல் மண்ணில் ஏர் போகும் அளவுக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலே நனைத்துவிட்டுப் போன மழை செருப்பில் அப்பிக்கொள்ள மட்டும்தான் உதவும், அதை அவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. அம்பத்தூரில் லேத் பட்டறையில் நிற்கும் ஒரு தம்பி சனிக்கிழமை மதியம் என்னைக் கேட்பான்: “அண்ணாச்சி, எத்தனை உழவு?” ஒன்றரை என்றால் அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்வான். மழை இல்லை என்றால் அம்மாவுக்குத்தான் செய்வான். கூலி உயர்வு கேட்கும் நாளை முதலாளி முகம் பார்த்து முடிவு செய்வதுபோல, வீட்டுக்குப் பேசும் நாளை அவன் மேகம் பார்த்து முடிவு செய்கிறான்.

இன்னும் என்ன சொல்லலாம்? காட்டுப்பன்றி யார் வயலில் இறங்கியது, எந்த டவுன் பஸ் நேரம் மாறியது, கிணற்றடி வீட்டு ஆச்சிக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்க வருகிறதா, பள்ளிக்கூடத்துப் பக்கம் யார் புரோட்டாக் கடை போட்டிருக்கிறார்கள். இவ்வளவு போதும்.

இறப்புச் செய்தியை எப்படிச் சொல்வது?

எழுதி அனுப்பாதீர்கள். போன் செய்யுங்கள். நீங்கள் யார் என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் வீட்டுப் பெயரோடு இறந்தவரைச் சொல்லுங்கள், எப்போது எடுக்கிறார்கள், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். நெருங்கிய உறவு என்றால் நேரே அவரிடம் சொல்லாமல் அவர் வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் சொல்லுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் என்றால் நோட்டில் அதே பேட்டையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவரை நேரில் போகச் சொல்வேன். கேதச் செய்தி கேட்ட பிள்ளை ஒற்றை ஆளாகக் கிளாம்பாக்கம் வரை போகக்கூடாது.

முன்பு தந்தி வந்தது. தந்திக்காரர் தெருமுனையில் திரும்பியதுமே, பிரித்துப் பார்க்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். வேலை கிடைத்த தந்திக்கும் அழுதிருக்கிறார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். அதன் சிக்கனம் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. சொல்லுக்குக் காசு என்பதால் கதை அளக்க முடியாது.

செய்தி உண்மைதானா என்று எப்படி உறுதிசெய்வது?

நான்காவது கட்டம். மச்சு வீட்டுத் தாத்தா தவறிவிட்டார் என்று ஒரு நாள் மாலை செய்தி வந்தது. தொண்ணூறைத் தொட்டவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து நான்கு பேர் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பேர் பஸ்ஸில் உட்கார்ந்தாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு நெருடல். செய்தி சொன்னவரிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டால், அவர் இன்னொருவரைச் சொன்னார், அந்த இன்னொருவர் குழுவில் பார்த்ததாகச் சொன்னார். நோட்டைத் திறந்து அடுத்த வீட்டு மதினிக்குப் போன் செய்தேன். “அவரா? திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறாரே” என்றார். போனைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. தாத்தா பதறவில்லை. கடலை மெல்லும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, “எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்?” என்றார். நான்கு என்றேன். “பெயரைச் சொல்” என்றார்.

சொன்னேன். பட்டியலில் இல்லாத ஒரு மருமகனோடு அவர் ஆறு மாதம் பேசவில்லை.

இறந்தவர் அதே பெயருடைய, பக்கத்துத் தெருக்காரர். வீட்டுப் பெயரை ஏன் முதல் கட்டத்தில் எழுதுகிறேன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

துட்டி வீட்டுக்குப் போனவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மூன்றாம் நாளே சென்னை பஸ் ஏறும் அவசரத்தில் இறப்பைப் பதிவு செய்ய மறந்துவிடுகிறோம். 21 நாளுக்குள் பேரூராட்சி அலுவலகத்தில் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை, அலைச்சலும் இல்லை. தாமதமானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையெழுத்து கூடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனுவே கொடுக்க முடியாது.

மழை, வெள்ளம் வந்து போன் வேலை செய்யாவிட்டால்?

2023 டிசம்பரில் இதைப் படித்துக்கொண்டோம். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருந்த நம்மவர்கள் வீட்டுக்குள் தண்ணீர். ஊரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னை என்றால் ஒரே தெரு என்று நினைப்பு. கொளத்தூரில் இருப்பவரிடம் பள்ளிக்கரணையைப் பார்த்துவரச் சொன்னார்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் போய்ப் பார்த்தும் வந்தார்.

இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில், தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் துண்டாகிப் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. நம் ஊர் ஆற்றங்கரையில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் பெண் கொடுத்த வீடுகள் நம் ஊரில் நிறைய. பெரம்பூரில் இருக்கும் ஒரு தம்பியின் அக்கா ஏரலில் வாழ்கிறார். இரண்டு நாள் அவர் எண்ணும் இல்லை, மாப்பிள்ளை எண்ணும் இல்லை. தம்பி வேலைக்குப் போகாமல் என் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். நோட்டில் ஏரல் கிடையாது. ஊரில் அவன் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் மைத்துனர் லாரி ஓட்டுபவர், நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தார். மறுநாள் இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து வந்த செய்தி இதுதான்: “மாடியில் இருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது.” தம்பி ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு நான்காவது கட்டத்தில் இரண்டு எண் எழுதுகிறேன். இரண்டாவது எண் வேறு தெருவில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். ஒரே தெருவென்றால் இரண்டும் சேர்ந்தே அணையும். குரல் அழைப்பு போகாத நேரத்திலும் சாதாரணக் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேர்கிறது. தொடர்ந்து பத்து முறை அழைத்து அந்தப் பக்கம் இருக்கும் கொஞ்ச சார்ஜையும் தீர்த்துவிடாதீர்கள்.

அப்பா, அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரிடம் எவ்வளவு உதவி கேட்கலாம்?

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்.

முதலில், நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மா ஆறு மணிக்கு வாசல் தெளிக்கவில்லை என்றால் ஆறே காலுக்கு அடுத்த வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப்பார்த்துவிடுவார். மத்தியான்னம் குக்கர் சத்தம் கேட்கவில்லை என்றால் ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்து நிற்பார். நம்மவர் ஒருவர் இருபதாயிரம் செலவழித்து வீட்டில் கேமரா வைத்தார். சென்னையிலிருந்தே அம்மாவைப் பார்க்கலாம் என்று ஒரே பெருமை. நான்காம் நாள் படம் தெரியவில்லை. பழுது என்று நினைத்து ஆளை அனுப்பினால், அம்மா கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். “இரவிக்கை மாற்ற வேண்டாமா எனக்கு?” என்று கேட்டாராம். அதே அம்மா வீட்டுச் சாவியை மதினியிடம் கொடுத்துவைத்திருக்கிறார், முப்பது வருடமாக.

கேட்கக்கூடிய உதவியும் உண்டு, கேட்கக்கூடாததும் உண்டு. மருந்துக் கடைக்குப் போகும்போது எங்கள் வீட்டு மாத்திரையும் வாங்கிவாருங்கள் என்று கேட்கலாம். நெஞ்சு வலி என்றால் 108-க்குப் போன் செய்து கூடவே ஏறிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே வேண்டாம், அவர்களே செய்வார்கள். ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு அம்மா மாத்திரை போட்டாரா என்று எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்பது வேலைக்கு ஆள் வைப்பது. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். அடுத்த வீட்டாருக்கு மாதப் பணம் அனுப்பிய ஒருவரைத் தெரியும். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பணம் திரும்பி வந்தது. அவர் இன்று வரை எதற்கு என்று புரியவில்லை என்கிறார்.

பதிலுக்கு என்ன செய்வது? ஒன்றும் தேவையில்லாத நாளில் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் எண் அவர்கள் கைப்பேசியில் ஒளிரும்போதெல்லாம் ஏதோ வேலை வைக்கப்போகிறான் என்று தோன்றக்கூடாது. பொங்கலுக்கு உங்கள் அம்மாவுக்குச் சேலை எடுத்தால் அவருக்கும் எடுங்கள், விலை குறைந்ததாக எடுக்காதீர்கள், பெண்கள் கரையைத் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் பிள்ளை தேர்வுக்கோ வைத்தியத்துக்கோ சென்னை வந்தால் எழும்பூரில் காலை நான்கு மணியானாலும் போய் நில்லுங்கள். லொகேஷன் அனுப்பிவிட்டுப் படுத்துத் தூங்குவது அழகில்லை.

ஊரிலிருந்து பொருள் வரவழைக்க வழி உண்டா?

ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டால் விடியும்முன் பெருங்களத்தூரில் இறக்குவார்கள். நேரத்துக்கு நிற்காவிட்டால் உங்கள் கருப்பட்டி கோயம்பேடு வரை ஊர்வலம் போகும். எண்ணெயும் தின்பண்டமும் ஒரே பெட்டியில் வேண்டாம். எனக்கு வந்த பெட்டியில் நல்லெண்ணெய் டின் கசிந்து, அடியில் இருந்த சாத்தூர் சேவு இரண்டாம் முறை பொரித்ததுபோல் ஆகிவிட்டது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சென்னைக் கடைகளிலேயே வாங்கலாம், அதற்காக யாரையும் சுமக்கவைக்காதீர்கள்.

விசேஷத்துக்குப் போக முடியவில்லை. மொய் அனுப்பலாமா?

அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். கைப்பேசியில் பணம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மொய் எழுதுபவரிடம் வீட்டுப் பெயரோடு சொல்ல ஆள் வேண்டும். ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டில் ‘சென்னை – 501’ என்று மூன்று வரி இருந்தது. அந்த மூவர் யார் என்று அந்த வீட்டார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு.

டிக்கெட் எப்போது போட வேண்டும்?

நம் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. முத்துநகரிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ கோவில்பட்டியில் இறங்கி, டவுன் பஸ் பிடிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கிலேயே இருப்பவர்கள் காலண்டரைத் திருத்திக்கொள்ளுங்கள். தூத்துக்குடி பஸ்ஸில் வந்தால் ஊருக்குள் போகுமா என்று ஏறும்போதே கேளுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டால் இருட்டில் பையோடு நடக்க வேண்டும்.

சென்னைப் பேப்பரில் ஊர்ச் செய்தி வருவதில்லையே?

வராது. நெல்லைப் பதிப்பைக் கைப்பேசியில் பாருங்கள். உள்பக்கத்தில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஊரே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

லீவுக்கு அனுப்புங்கள் என்றால் கோச்சிங் என்கிறீர்கள். சரி, சென்னையிலேயே ஓர் இடம் இருக்கிறது. என் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் பிறந்த வீடு நம் ஊரில். 1904-ல் சுதேசமித்திரனில் வேலைக்காகச் சென்னை வந்தவர், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். நம் ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்களின் பட்டியலில் மூத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம், என் நோட்டில் இல்லாவிட்டாலும். 1947-ல் ஊரில் திறந்த பாரதி மணிமண்டபத்துக்குக் கல்கி தம் வாசகர்களிடம் நிதி திரட்டினார். வெளியூர்க்காரர்கள் கொடுத்த காசில் எழுந்த கட்டடம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்ததும் உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் நம் ஊரில்தான் என்பதையும் அப்படியே சேர்த்துவிடுங்கள்.

ஒருமுறை மூன்று பிள்ளைகளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, “இவர் ஊரில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையனின் அப்பாவிடம் நான்காவது கட்டத்தை நிரப்ப நான் இரண்டு வருடம் போராடியிருக்கிறேன்.

சாதி, கட்சி பேசலாமா?

ஊரில் பேசித் தீராதது பெருங்களத்தூரில் தீரப்போவதில்லை. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊர் வீட்டை விற்றுவிட்டோம். இனி நோட்டில் எங்கள் பெயர் எதற்கு?

இதை ஒருவர் நேரிலேயே வந்து கேட்டார். கிணற்றடி வீடு. அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். வீட்டை வெளியூர்க்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது. பெயரை அடித்துவிடுங்கள் அண்ணாச்சி, பார்த்தால் சங்கடமாக இருக்கிறது என்றார். பேனாவை எடுத்துத் திறந்தும்விட்டேன். நான்காவது கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, இவரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். வீடு விற்றதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஐந்து மாதமாக அவரோடு பேசவில்லை என்றார். கடையிலிருந்தே போட்டுக் கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பெரியப்பா எடுத்தார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் அம்மா வைத்த முருங்கை சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் காய்த்துக் கிடக்கிறது, புதிதாக வந்தவர்கள் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், பெட்டியில் போட்டால் பெருங்களத்தூரில் எடுத்துக்கொள்வாயா என்று மட்டும் கேட்டார்.

பெட்டி வியாழக்கிழமை வந்தது. எனக்கும் பத்துக் காய் கிடைத்தது. அவருக்கு எண் மாறியிருக்கிறது, மூன்றாவது கட்டத்தில் அதை மட்டும் திருத்தியிருக்கிறேன்.